முதல் மழைக்குத் திறவாத படல்

என் பாசத்துக்குரிய நங்கையாருக்கு,

உங்கள் பில்லைப் பசு நம் கட்டுத்தறியில்தான் நிற்கிறது. சந்தைக்குப் போகவில்லை. நீங்கள் மறைந்த மார்கழிக்குப் பிறகு வந்த இந்தக் கோடையில், உங்களிடம் முதலில் சொல்லவேண்டிய செய்தி இதுதான். மற்றவற்றை ஊராரும் படிக்கட்டும் என்றே வெளிப்படையாக எழுதுகிறேன்.

என் கணவரின் தமக்கையாராக நீங்கள் இந்த வீட்டில் இருந்தீர்கள். கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் என்று யாரும் உங்களைப் பார்த்து இரங்கியதில்லை. இரங்க நீங்கள் இடம் கொடுத்தால்தானே? பால் சங்கத்துக்குப் பாத்திரம் தூக்கிக்கொண்டு நீங்கள் நடந்தால் சித்தூர் பாதையே ஒதுங்கி நிற்கும்.

பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். அதனாலோ என்னவோ, எதையும் திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. "முதல் மழைக்குப் பின் மேய்ச்சல் நிலத்துக்குச் சிறிது காலம் ஓய்வு அளித்தல் வேண்டும்" என்று நான் சொன்ன அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் எருமை மிரண்டது.

"ஏம்புள்ள, மாட்டுக்குப் பசிக்குமா, உன்ற ஓய்வுக்குப் பசிக்குமா?" என்று கேட்டீர்கள்.

நான் கண்டதைத்தான் சொன்னேன். கிளுவை முள்வேலிக்கு அடியில், மாட்டின் வாய் எட்டாத இடத்தில், கொழுக்கட்டைப் புல் கெண்டைக்கால் உயரம் நின்றது. ஒரு முழம் தள்ளி, மண் வழித்த சட்டி போலக் கிடந்தது. அதே மண், அதே மழை. முளைத்ததுமே கடிபட்ட புல் வேர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதோடு பச்சையை ஒருமுறை நக்கிய மாடு காய்ந்த சோளத்தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நகக்கண் அளவு புல்லைத் தேடிக் காடு முழுக்க அலைந்து, மாலையில் வெறும் மடியோடு வந்து நிற்கும்.

ஆனால் மழை பெய்த மறுநாளே மேய்ச்சல் காட்டின் வாசலில் கட்டிய முள்படலைத் திறந்துவிடுவது நம் ஊர் வழக்கம். கற்பூரம் காட்டி அதைத் திறப்பது உங்கள் கை. வழக்கத்தை விட்டுக்கொடுப்பீர்களா? காட்டின் நடுவே முள் இழுத்துப் போட்டீர்கள். "அக்கட்டால உன்றது. பூட்டி வெச்சு அழகு பாரு. இக்கட்டால என்றது. நாந் தெறந்துடறேன்" என்றீர்கள்.

அந்தக் கோடையில் உங்கள் பாதி என்ன ஆயிற்று, என் பாதி என்ன ஆயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. அடுத்த மழைக்குப் பின் ஒரு காலை, நடுவில் கிடந்த முள்ளை நீங்களே இழுத்து வெளியே போட்டீர்கள். ஏனுங்க என்றேன். "அடுப்புக்கு ஆகும்" என்றீர்கள். தோற்றவர் பேசும் பேச்சா அது? அதற்குப் பின் வந்த கோடைகளில், படலைத் திறக்கச் சொல்லி வந்தவர்களை நீங்கள் விரட்டியதைப் போல என்னால் ஒருநாளும் விரட்ட முடிந்திருக்காது.

இந்த ஆண்டு நான் தனியாக நின்றேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு மழை. காடு இலேசாகப் பச்சை கட்டியது. பிறகு வானம் வாயை மூடிக்கொண்டது. பக்கத்துக் காடுகளெல்லாம் திறந்தாயிற்று, வழித்தாயிற்று. நம் சோளத்தட்டுப் போர் இடுப்பளவுக்கு இறங்கியது. கறவை குறைந்தது. உங்கள் பில்லையோ சினை, பால் வற்றிய காலம்.

உங்கள் தம்பி என்னிடம் கோபித்துப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏப்புள்ள, ஒண்ணு படலைத் தொற. இல்லீன்னா அக்கா மாட்டைக் குடுத்துப்போடலாம். மத்ததுக்காவது தட்டு எட்டும்" என்றார்.

மேல்காட்டு இராமாத்தாள் வேலிக்கு அப்பால் நின்று தன் பங்கைச் சொன்னாள்: "மாடு உள்ளே பட்டினி, புல்லு காட்டுல சொகமாத் தூங்குது. புல்லுக்குத் தொட்டில் கட்டுலையாக்கா?"

"தாலாட்டுப் பாட உங்களைத்தான் அழைக்க எண்ணியிருக்கிறேன்" என்றேன். நீங்கள் இருந்திருந்தால் இதைவிடக் காரமாகச் சொல்லியிருப்பீர்கள்.

தரகர் வந்துவிட்டார். பில்லையின் பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், விலை பேச விரல் பிடிப்பதற்காகத் துண்டை விரித்து உங்கள் தம்பியின் முன் நீட்டினார். உங்கள் தம்பியின் கை அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பசு விற்பனைக்கு உரியதன்று. தாங்கள் வெயிலில் வந்த சிரமத்துக்கு மோர் அருந்திச் செல்லலாம்" என்றேன்.

"அம்மிணி ரேடியோவாட்டப் பேசுதுங்களே!" என்றார் தரகர். மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

வாயால் சொல்லிவிட்டேன். மாட்டின் வயிறு வார்த்தைக்கு நிறையாதே. தட்டை முழுதாகப் போடுவதை நிறுத்தி, பொடியாக நறுக்கி, கழுநீரில் நனைத்து வைத்தேன். ஒரு கணு வீணாகவில்லை. உங்கள் தம்பி வெள்வேல மரத்தில் ஏறி, மாட்டுத் தீனிக்குத் துறட்டி போட்டுக் காய் உலுக்கினார். முள் கிழித்த கையோடு இறங்கி வந்து, "அக்கா இருந்தா என்னைய இப்பிடி மரமேத்துவாளா?" என்றார். "கீழே நின்று இன்னும் ஏறச் சொல்வார்" என்றேன். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன், நங்கையா.

பில்லைக்கு விலாவெலும்பு தெரிந்தது. அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். தினமும் படலருகே போய் நின்று புல்லைப் பார்ப்பேன். வேர் பிடித்துவிட்டது, தண்ணீர்தான் இல்லை. அந்த இரண்டாம் மழை வராமலே போயிருந்தால்? என் திருத்தமான தமிழை வைத்துக்கொண்டு உங்கள் பசுவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வந்தது. சித்திரை நடுவில், இடியோடு. ஊரில் வழித்த காடுகள் மறுபடியும் நகக்கண்ணில் தொடங்கின. நம் காடு எழுந்து நின்றது. புல் கெண்டைக்காலைத் தொட்ட பிறகே திறந்தேன். அதுவும் ஒரு பாகத்தை மட்டும். அதில் பாதிப் புல்லை மேய்ந்ததும் அடுத்த பாகம். மாடுகள் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நின்று மேய்ந்தன. புல்லைக் கடித்து இழுக்கும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இராமாத்தாள் வந்தாள். வேலிக்கு இப்பால் வந்தாள். "ஏனக்கா, எங்க காட்டையும் இப்போ சாத்தி வெச்சா வருமா? எப்பத் தெறக்கறதுன்னு நீங்களே வந்து சொல்லிப்போடுங்க" என்றாள். உடனே போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். நம் வீட்டுப் பெண்கள் இருவர் கண்டு நடத்திய முறை இது என்பதையும் சொன்னேன். ஊர் இப்போது அதை "ஓய்வு விடுறது" என்கிறது. என் சொல், உங்கள் அதட்டலால் நிலைத்தது.

பில்லை ஆனியில் ஈனும். வயிறு இறங்கியிருக்கிறது, விலா மூடிவிட்டது, கண்ணில் பழைய திமிர்.

இனி ஒன்று சொல்கிறேன், வாக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். வரும் கோடையில் நம் காட்டின் வடமூலையைப் புல் விதை உதிரும்வரை எந்த மாடும் மிதிக்காது. சங்கத்திலிருந்து வந்து கேட்டாலும், உங்கள் தம்பியே கேட்டாலும் திறவேன். உங்கள் பில்லை தன் கன்றைக் கூட்டிக்கொண்டு படலில் வந்து நின்று கத்தினாலும், நங்கையா, திறவேன்.

என்றும் உங்களுடன் வாதாடக் கடமைப்பட்ட,
உங்கள் தம்பியின் மனையாள்