கிழவியின் கடைசி வரிசை

பிப்ரவரி 9

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், குறை சொல்ல ஆள் கிடைக்காத குறையைத் தவிர.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் ஸ்டாம்ப் ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். அதனால் நான் ஊர் திரும்பும் ஆகஸ்ட் வரைக்கும் கடிதம்தான், போன் வேண்டாம்.

அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜைக்கு நேராக ஜன்னல். ஒற்றைக் கட்டில்தான், ஆனாலும் என்ன தாராளம். ஆபீஸ் புதுக் கிளை என்பதால் நாற்காலிகளின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை. உட்கார்ந்தால் சறுக்குகிறது.

சனிக்கிழமை காலையில் எங்கே போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ் போகும் தூரத்திலேயே பெரிய பார்க். அங்கே முழுக்க மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் ஒன்று. வழக்கமாக வருகிறவர்கள் அதற்குக் கிழவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சங்கிலி இழுத்துக்கொண்டு மேலே ஏறும்போது மூட்டுக்கு மூட்டு முனகுவாள். உச்சியில் ஒரு கணம் முனகல் நிற்கும். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. முன் வரிசையில் உட்கார்ந்தால் காட்சி நன்றாகத் தெரியும், ஆனால் கடைசி வரிசைதான் வரிசை. முன்னால் இருக்கிற பெட்டிகள் சரிவில் விழுந்துகொண்டே நம்மைச் சுண்டி இழுக்கும். விளிம்பைத் தாண்டும்போது நமக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. தொடைமேல் இருக்கும் கம்பி மட்டும் நம்மை உலகத்தோடு கட்டி வைத்திருக்கும். காலையில் கொஞ்சம் சோம்பலாகப் போகிறாள், மத்தியானம் வெயிலில் சக்கரத்து மசகு இளகியதும் பேயாகிவிடுகிறாள். எத்தனை தடவை ஏறினேன் என்று சொன்னால் திட்டுவீர்கள்.

இங்கே பை வைக்கப் பூட்டுப் போட்ட பெட்டி இருக்கிறது. அது மணி பார்க்காது, கொட்டாவி விடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. உங்கள் வேலை போய்விட்டது, கண்ணாடிக்காரரே.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

பிப்ரவரி 21

மகாராணிக்கு,

கடிதம் வந்தது. கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது தபால்காரர் நீட்டினார். ஒரு கண் அவர்மேலும் ஒரு கண் உன் கடிதத்தின்மேலும் வைத்ததில் அவருடைய இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டேன். அந்த மனிதர் படி தடுக்கி விழுந்தால் பாவம் உனக்குத்தான்.

பூட்டுப் பெட்டி கிடைத்ததில் சந்தோஷம். பதினொரு வருடம் ஊர் ஊராக, இறங்கி வருகிற வாசலில், உன் பை, உன் செருப்பு, உன் துப்பட்டா எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றிருக்கிறேன். "அண்ணே, இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க"ன்னு முன்பின் தெரியாதவன் எல்லாம் என் தோளில் பையைத் தொங்கவிட்டுப் போவான். நான் பயந்தாங்கொள்ளிதான், இல்லையென்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் குழந்தைகள் சுற்றுகிற ராட்டினத்திலேயே மயங்கி விழுந்தவன். நீ அன்றைக்கு என்னைத் தூக்கிவிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதை நடித்துக் காட்டுகிறாய்.

காசு கொடுத்துக் குடலைப் புரட்டிக்கொள்வதில் என்ன இருக்கிறதோ. உன் வயதுப் பெண்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ இறங்கி வரும்போது உன் தலை எப்படி இருக்கும் தெரியுமா? பழைய துடைப்பம் தேவலை. நானாக இருக்கப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

உன் பீரோவை நடைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் லென்ஸ் பெட்டிகளை அடுக்கிவிட்டேன். வந்து திட்டு. வராமல் திட்டாதே.

உன் புருஷன்

*

ஏப்ரல் 4

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

வராமலே திட்டுகிறேன். பீரோ கதவு ஏற்கெனவே ஒரு பக்கம் இறங்கியிருந்தது, தள்ளியதில் இனி பூட்டவே பூட்டாது. உங்களுக்குக் கோபம் வந்தால் மரச்சாமான்தான் கண்ணில் படும்.

போன மாதம் இன்னொன்று பழகிவிட்டது. இரும்பு. தண்டவாளம் தலைக்கு மேலே போகும், நாம் கீழே தொங்குவோம், காலுக்கடியில் ஒன்றும் இருக்காது. பேர் என்னவோ போட்டிருக்கிறார்கள், நாங்கள் தொங்கல் என்போம். தலைகீழாகத் திரும்பும்போது ரத்தமெல்லாம் காதுக்கு வந்துவிடும். முரட்டுப் பயல், ஆனால் நேர்மையானவன், ஒளிவுமறைவு இல்லை. கிழவி அப்படியில்லை. இரண்டாவது மேட்டில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டு மூன்றாவதில் தூக்கி எறிவாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கிறது.

தனியாட்களுக்கென்று இங்கே வேறு வரிசை இருக்கிறது. ஜோடி ஜோடியாக உட்காரவைத்து மிச்சமாகிற காலி இடத்தில் நம்மைச் செருகுவார்கள். யார் பக்கத்தில் என்று கடைசி நிமிடம் வரை தெரியாது. ஒரு பல் டாக்டர், ஒரு லாரி ஓட்டுகிற அம்மா, சும்மா இருக்கிற ஒரு பெரியவர், எல்லோரும் அந்த வரிசையில் சினேகிதமானவர்கள்தான். ஏறும்போது யாரும் யாரோடும் பேச மாட்டோம்.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஆபீஸில் என்னை இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மனதில் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மனைவி

*

ஏப்ரல் 19

அன்புள்ள மகாராணிக்கு,

மனதில் இருப்பதை எழுதச் சொன்னாய். நீ திரும்பி வர வேண்டும். வீடு வீடாக இல்லை. சண்டை போடாமல் சாப்பிட்டால் செரிக்கவும் மாட்டேன் என்கிறது. ஆனால் வா என்று நான் சொல்லி நீ எப்போது வந்திருக்கிறாய்? அதனால் வேறு ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். சிரிக்காமல் படி.

நம் ஊர் பார்க்கில் குழந்தைகளுக்கான கம்பளிப்பூச்சி வண்டி இருக்கிறதே, நீ அதைக் கோஸ்டர் வம்சத்திலேயே சேர்க்க மாட்டாய், அதில் ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். முட்டி மடங்காமல் ஒருக்களித்து உட்கார்ந்தேன். இரண்டாவது சுற்றில் சட்டைமேல் வாந்தி எடுத்துவிட்டேன். முன்னால் இருந்த சிறுமி, "அம்மா, இந்த மாமா அழுவுறாரு"ன்னு சத்தம் போட்டுச் சொன்னாள். அழவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் போனேன். வண்டியை ஓட்டுகிற பெண், பாவம் பார்த்து ஒரு வழி சொன்னாள். "சார், அங்கயும் இங்கயும் பாக்காதீங்க. ஏதாவது ஒண்ண மட்டும் உத்துப் பாருங்க. கண்ணு நின்னா வயிறு நிக்கும்." முன்னால் இருந்த பையனின் தொப்பியை உற்றுப் பார்த்தேன். வாந்தி வரவில்லை.

இப்போது பெரிய ராட்டினம் வரை வந்துவிட்டேன். மே மாதக் கடைசியில் அங்கே வந்து உன்னோடு கிழவியில், கடைசி வரிசையில் உட்காரப் போகிறேன். இனிமேல் நீ ஏறுகிற எதிலும் உன் பக்கத்து இடம் எனக்கு. அதற்கப்புறம் ஆபீஸுக்கு என்ன பதில் சொல்வாய் என்று பார்க்கிறேன்.

உன் பைக்காரன்

*

மே 2

அன்புள்ள உங்களுக்கு,

சிரிக்காமல் படிக்கச் சொன்னீர்கள், முடியவில்லை. தனியாட்கள் வரிசையில் நின்றுகொண்டு படித்தேன். "என்ன சிரிப்பு?" என்று பல் டாக்டர் கேட்டார். சத்தமாக வாசித்துக் காட்டினேன். மாமா அழுவுறாரு என்ற இடத்தில் லாரி ஓட்டுகிற அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உங்களுக்கு இங்கே கம்பளிப்பூச்சி மாமா என்று பெயர் வைத்தாகிவிட்டது.

கோபப்படுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். வர வேண்டாம். மெய்யாகத்தான் சொல்கிறேன். ஐம்பதைத் தொடப் போகிற வயதில், வயிற்றையும் கெடுத்துக்கொண்டு, யார் கேட்டார்கள் இதை? உங்களுக்கு வராததை இழுத்துப் பிடித்து வரவழைக்காதீர்கள். நீங்கள் கீழேயே இருங்கள். எப்போதும் போல இருந்தால் நான் வருவதைப் பற்றி நல்லவிதமாக யோசிக்கலாம்.

உங்கள் மனைவி

*

மே 11

மகாராணிக்கு,

ஊரைக் கூட்டி வாசித்தாயா, நல்லது. பதினொரு வருடமாக நீ சிரித்ததற்கும் சேர்த்து ஒரே நாளில் வாயை அடைக்கிறேன். 24ஆம் தேதி காலையில் பார்க் வாசலில் நில். நீ வராவிட்டாலும் நான் கம்பளிப்பூச்சி மாமா என்று சொல்லி உன் சினேகிதர்களைத் தேடிப் பிடித்து ஏறிக்கொள்வேன். வெட்கம் போன பிறகு எனக்கு என்ன பயம்.

உன் புருஷன்

*

மே 28

என் அன்புள்ள மனைவிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் தூக்கம் வரவில்லை, காலில் இன்னும் கிழவியின் உதறல் இருக்கிறது. இதைத்தானா இத்தனை வருடம் நீ ஒருத்தியே தின்றுகொண்டிருந்தாய்?

மேலே ஏறும்போது உயிர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சங்கிலிச் சத்தம் நின்றதும் கம்பளிப்பூச்சி வண்டிப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. எதை உற்றுப் பார்ப்பது? உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், பயம் ஓடிப்போய்விட்டது. மேடு, பள்ளம், திருப்பம் ஒன்றும் நான் பார்க்கவில்லை. தொடங்கியதிலிருந்து பிரேக் போடும் வரை உன் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

இறங்கி வரும்போது இருக்கிற முகம்தான் எனக்குத் தெரியும், அது சிரித்துக்கொண்டே வரும். ஓடும்போது இருக்கிற முகம் வேறு. கன்னம் காதுப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. மூக்குத்துவாரம் மாட்டுக்கு விடைப்பது போல விடைக்கிறது. வாயை அகலத் திறக்கிறாயே, மேல்வரிசையில் உள்ளே ஒரு பல் கறுத்திருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியாது, அந்த டாக்டரிடம் காட்டிவிடு. இடது இமை வேறு துடிக்கிறது, கண்ணுக்கு ஓய்வு போதவில்லை. மூன்று தடவை ஏறினோமே, மூன்று தடவையும் பார்த்தேன். மூன்றாவது தடவை நீ வாயைத் திறக்கவே இல்லை, பஸ்ஸில் போகிறவள் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டுவிட்டாய் என்று தெரிந்தது. சாப்பிடும்போதும் நீ பேசவில்லை. பேச்சே வராத அளவுக்கு உன்னை அசத்திவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கடையை வாரத்தில் இரண்டு நாள் சாத்திவிடலாம் என்று இருக்கிறேன். ஊர் ஊராகப் போவோம். எல்லாவற்றிலும் உன்கூடவே ஏறுவேன். பீரோவை ஆள் வைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன், கதவையும் சரிசெய்தாகிவிட்டது. ஆபீஸில் முடியாது என்று சொல்லிவிட்டு உடனே புறப்படு.

உன் பக்கத்து சீட்டுக்காரன்

*

ஜூன் 6

தங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இவ்வளவு சந்தோஷமாக நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன், இதமாகக் கெடுக்கத் தெரியவில்லை.

உங்களுக்கு முகம் பார்ப்பது தொழில். வீட்டிலும் அதை விட மாட்டீர்கள். சாப்பிட்டால் பார்ப்பீர்கள், போனில் பேசினால் பார்ப்பீர்கள், தூங்கி எழுந்தால் "கண்ணு வீங்கியிருக்கு, ராத்திரி என்ன யோசன?" என்பீர்கள். அது பிரியம்தான். இல்லையென்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உச்சியிலிருந்து கீழே வந்து சேர்கிற வரைக்கும் என் முகம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. உயரம் பிடிக்கும், வேகம் பிடிக்கும் என்று நானும் இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்தது யாரும் என்னைப் பார்க்காத அந்த நேரம்தான் என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்கள் பயந்தவராக இருந்ததால்தான் நம் குடும்பம் பதினொரு வருடம் ஓடியது. உங்களால் வர முடியாத இடம் ஒன்று எனக்கு இருந்தது. அங்கே போய்விட்டு வந்தால் உங்களோடு இருக்க முடிந்தது. உங்களைக் கேலி செய்ததெல்லாம் நீங்கள் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக. வரிசையில் உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்ததும் அதற்காகத்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் கொடுமையாகச் சிரித்திருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள் என்றுதான் வருத்தம்.

நேற்று சனிக்கிழமை. கிழவியின் கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்து இடம் காலி. ஆனாலும் சங்கிலி நின்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா, கறுத்த பல் தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டேன். இமை துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். அதற்குள் வண்டி நின்றுவிட்டது. ஏறினேன், இறங்கினேன், அவ்வளவுதான். இனி அது திரும்பி வருமா என்று தெரியாது. வராவிட்டால் வேறு எதையாவது தேடிக்கொள்வேன். நீங்கள் தேடி வர முடியாததாக.

திங்கட்கிழமை ஆபீஸில் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடுவேன். வந்து சமாதானம் பேச வேண்டாம், யாரையும் தூது அனுப்பவும் வேண்டாம். நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள் என்று கேட்பீர்கள். ஒரு தப்பும் செய்யவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பேன்.

இப்படிக்கு,
நான்