செயின் வண்டியும் அரைக் கிலோமீட்டர் ரோடும்

ஜூன் 3
டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் டிராக்டர் லாரியில் வந்து இறங்கிவிட்டது. கொட்டகைக்குள் நகர்ந்தபோது தரையே அதிர்ந்தது. பழைய டயர் டிராக்டரை வாங்கிக்கொண்ட என் தம்பி அதை ஓட்டிப் போய்விட்டான். இரண்டையும் ஒப்பிட்டு இந்த நோட்டில் பட்டியல் போட்டவள் நான்தான்: புதைவது, மண் இறுகுவது, இழுவை, டீசல், திரும்புவது, பழுது. ஆறில் நாலு செயினுக்கே. பள்ளத்து வயலில் வருஷா வருஷம் டயர் புதைந்து நின்றது போதும். "நீ சொன்னா சரி" என்றார் என் வீட்டுக்காரர்.

ஜூன் 6
சாலை மேற்பார்வையாளர் வந்தார். "இரும்புச் செயின் தாரைப் பேத்துடும்மா. ரோட்டுல இறக்கினா வண்டியைப் பிடிச்சு வச்சிடுவோம்."

கொட்டகைக்கும் வயலுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் தார் ரோடு. வேறு வழி கிடையாது. லாரியில் வந்ததால் எங்களுக்கு இது தோன்றவே இல்லை. ஆறு வரி எழுதினேனே, வயலுக்கு எப்படிப் போகும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

ஜூன் 7
வண்டியை வயலுக்கு ஏற்றிப் போக லாரிக்காரர் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவாராம்.

ஜூன் 9
மழை. இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டார், போய் வண்டியைத் துடைத்தார், வந்து படுத்தார். திட்டினாலாவது நானும் பதிலுக்குக் கத்தி, அழுது தீர்த்திருப்பேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஜூன் 11
மழையை நம்பி ஊறவைத்த விதைநெல் முளைவிட்டுவிட்டது. இரண்டு நாளில் விதைக்காவிட்டால் வீண்.

ஜூன் 12
தம்பியிடம் போய் நின்றேன். "ஆராய்ச்சி முடிஞ்சுதாக்கா?" என்று சிரித்தான். ஆனாலும் டயர் வண்டியோடு வந்தான். மூன்றாவது சுற்றில் அச்சு வரை புதைந்தது.

"மாமா, உங்க வண்டியக் கொண்டாங்க, ஒரே இழுப்புல வந்துடும்" என்றவன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். இழுக்கிற வண்டி கொட்டகையில். இழுக்க வேண்டியது வயலில். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்யறதுன்னே தெரியல — ஒண்ணுமே தெரியல.

ஜூன் 14
விதை நாறுகிறது.

ஜூன் 15
தம்பி பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டு இருபத்தாறு பழைய லாரி டயர்களைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பினான். இவர் அவற்றின் மேல் செயின் வண்டியை ஏற்றினார். வண்டி தாண்டிய டயர்களை நானும் தம்பியும் முன்னால் உருட்டிக்கொண்டு ஓடினோம். மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். "தார்ல இரும்பு படக் கூடாது. நான் சொன்னது அவ்வளவுதான்."

நாலு மணி நேரம் ஆனது. தம்பியின் வண்டி ஒரே இழுப்பில் வெளியே வந்தது. விதை மூட்டையைக் குப்பையில் கொட்டினேன். இந்தப் போகம் போனது போனதுதான். விதைக்க ஒன்றும் இல்லாத வயலை இவர் இருட்டும் வரை உழுதுகொண்டிருந்தார்.

ஜூன் 16
இந்த நோட்டை இவர் தொட்டதே இல்லை. இன்று திறந்தால், பட்டியலின் அடியில் கோணல் எழுத்தில் ஏழாவதாக ஒரு வரி:

"ரோடு. டயர் — போகும். செயின் — டயர் மேல ஏறிப் போகும்."