நாடா கட்டும் இடம்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். திண்டிவனம் பஸ்ஸில் நின்றபடியே பள்ளிக்கூடம். பாவாடை நாடா கட்டும் இடத்தில் இருக்கும் புண் இன்றும் கசிவு. எட்டு மாதமாக. மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர் எல்லாம் ஆயிற்று. நாடாவை ஒரு விரல் மேலே ஏற்றிக் கட்டினேன். முடிந்தது வைத்தியம்.

அவரிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இன்னும் கூச்சம்.

ஜூன் 12, வியாழன்
துவைக்கப் போட்ட பாவாடையில் ரத்தம். அவர் பார்த்துவிட்டார்.
"இன்னா டீச்சரே, இத்தினி நாளா மறைச்சிக்கினு இருந்தியா? நம்ம நெலத்துல மல்லாட்டைச் செடியில ஒரு இலை பழுத்தாலே நான் ஓடுறேன்."
அப்புறம் சாப்பிடவில்லை. கோபமில்லை மனுஷருக்கு, பயம்.

ஜூன் 14, சனி
முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி. நல்லவேளை, பெண் டாக்டர். துளி சதை எடுத்து டெஸ்டுக்கு.
"வருஷக்கணக்கா ஒரே எடத்துல இறுக்கிக் கட்டினா இப்படியும் ஆகும்மா."
டாக்டரும் சேலைதான். பேசிக்கொண்டே தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 24, செவ்வாய்
தோல் புற்றுநோய். எழுதிப் பார்க்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் மாதிரி.
சுற்றி நல்ல தோலையும் சேர்த்து வெட்ட வேண்டுமாம். ஓரத்தில் மிச்சம் இருந்தால் மறுபடியும். பயமாக இருக்கிறது.
பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் ஏறிய பிறகும் விடவில்லை.

ஜூன் 30, திங்கள்
நாளை ஆபரேஷன். ஹெச்.எம்.மிடம் லீவு சொல்லியாயிற்று. எடுத்துப்போக: ஆதார், பிளாஸ்க், பழைய வேட்டி 2, ஜெபமாலை.

ஜூலை 5, சனி
நேற்று வீட்டுக்கு வந்தோம். கட்டு மாற்ற நர்ஸ் அவருக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.
"வெளிச்சம் வோணும். கம்முனு இரு." பிறகு, "இங்க ஒரு மச்சம் கீது, தெரியுமா?"
"முதுகுல இருக்கறது எனக்கு எப்படிங்க தெரியும்?"
சிரித்தால் தையல் இழுக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு
சேலை கட்ட முடியாது. நைட்டியோடு பூசைக்கா? அவர் மட்டும் போனார். மாதா கோயில் வாசலில் பெண்களையெல்லாம் நிறுத்தி, "நாடாவ லூசா கட்டுங்கம்மா, புண்ணு இருந்தா டாக்டராண்ட காட்டுங்க" என்றாராம். மானம் போயிற்று. அவர் போட்ட காப்பியை வேண்டாமென்றேன்.
சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்தாள். கதவைச் சாத்தி, தன் இடுப்பைக் காட்டினாள். கறுத்துத் தடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி அவரையே கூப்பிட்டுச் சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்
தூறல். ரிசல்ட். ஓரங்களில் எதுவும் இல்லை. மாதாவே.
தையல் பிரித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். இனிமேல் கட்டு வேண்டாம் என்றார் டாக்டர்.
"இன்னும் ரெண்டு நாளு போட்டா தப்புங்களா?" என்று கேட்டார் இவர்.
டாக்டர் என்னைப் பார்த்தார். போடட்டும் என்றேன்.