மூணாம் நம்பர் ரூமின் பச்சை ஒயர்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

முதலில் நான் அசிங்கப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டால் சிரிப்பீக. சிரித்த முகமாக இருக்கும்போதே மீதியையும் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு.

உங்க மருமக மகா எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. மின்னூட்டம் பாடத்தைச் செய்துகாட்ட யாராவது ஒரு பெற்றோர் முன்னே வாங்க என்று டீச்சர் கூப்பிட்டார்கள். எல்லாரும் அவசரமாக செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான்தான் வேட்டியை இறுக்கிக்கொண்டு போனேன். பத்தாம் வகுப்பு அறிவியலை ரெண்டு தடவை எழுதித் தேறியவன். அந்தப் பாடத்தோடு மற்றவர்களைவிட எனக்குப் பழக்கம் அதிகம். டீச்சர் ஒரு பிளாஸ்டிக் சீப்பைக் கொடுத்து, "தலையில நல்லாத் தேய்ச்சிட்டு இந்தக் காகிதத் துண்டுகிட்ட காட்டுங்க சார்" என்றார்கள். சீப்பை மேலே கொண்டுபோன பிறகுதான் என் தலையின் நிலவரம் எனக்கே ஞாபகம் வந்தது.

முன்வரிசையில் ஒருத்தன் சத்தமாகவே சொன்னான்: "அங்கன முடியே இல்லயே டீச்சர்."

விடக்கூடாது என்று காதோரம் மிச்சமிருந்ததில் தேய்த்தேன். ஒரே ஒரு காகிதத் துண்டு லேசாக எழுந்து, யோசித்துவிட்டு, திரும்பப் படுத்துக்கொண்டது. மகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன மானத்தை மீட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி உங்களைச் சொல்வதுதான் மச்சான். எந்தச் சபையிலும் நான் அப்படித்தானே பிழைத்திருக்கிறேன். "நான் பட்டாசுக் கம்பெனில லோடு தூக்குறவன் டீச்சர். எங்க மருந்து ரூமுக்குள்ள கரண்டே கிடையாது, ஒரு பல்பு கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு ரூம் வாசல்லயும் ஒரு செம்புத் தகடு உண்டு. அதுல கையை வச்சிட்டுத்தான் உள்ள போகணும். கம்பெனி எலக்ட்ரீசியன் எங்க மச்சான், அவரு போட்டது" என்றேன். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைகள் பக்கம் திரும்பி விளக்கினார்கள். காய்ஞ்ச காற்றில் சேலை உரசினாலே உடம்பில் மின்னூட்டம் ஏறும். இறங்க வழி இல்லையென்றால் அது அப்படியே நிற்கும். இரும்போ இன்னொரு ஆளோ கிட்ட வந்தால் தாவும். தாவுவதுதான் பொறி. வெடிமருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். செம்புத் தகட்டிலிருந்து பூமிக்கு ஒயர் போவதால், கையை வைத்ததும் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதற்குப் பேர் புவித்தொடுப்பு.

மகா தலையைத் தூக்கினாள். "அது எங்க மாமா" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மச்சான், உங்க முதல் வருச நினைவுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்க என்று தொழிலாளர் சங்கத்து மலர் போடுகிறவர்கள் கேட்டார்கள். எல்லாரையும் போல 'நீங்கள் மறைந்தாலும்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. அதனால் நடந்ததையே எழுதுகிறேன். எழுத எழுத உங்க தங்கச்சி செல்விக்கு வாசித்தும் காட்டுகிறேன். அவள் அடுப்படியில் நின்றபடி 'ம்' கொட்டுகிறாள். "எழுதுங்க. ஆனா எங்கண்ணன வையாதீக" என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை.

கண்காட்சி முடிந்தும் மகாவுக்கு அந்தப் பைத்தியம் தெளியவில்லை. காலி மத்தாப்புப் பெட்டியில் மூணு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ரெண்டு நீள ஒயர். இரண்டு ஒயர் நுனியையும் ஏதாவது ஒரு பொருளில் வைப்பாள். பல்பு எரிந்தால் கடத்தி, எரியாவிட்டால் கடத்தாப்பொருள். கரண்டி எரிந்தது. சீப்பு எரியவில்லை. என் மண்டையில் வைத்துப் பார்த்து, "எரியலப்பா, ஒண்ணுமே இல்ல" என்றாள். உங்க வீட்டு ரத்தம், வேறெப்படி இருக்கும்?

"சுத்து முழுசா இருந்தாத்தான்ப்பா மின்னோட்டம் போகும். எங்கனயாவது அந்துபோச்சுன்னா பேட்டரி இருந்தும் புண்ணியமில்ல" என்று எனக்குப் பாடம் வேறு.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச்சொல்வார்களே, இந்த வருசமும் போனோம். ரூமெல்லாம் கழுவிவிட்டு, ஒரு சிட்டிகை மருந்து இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். மோட்டார் ரூமில் உங்க படம். சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகா மத்தாப்புப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மாமா போட்ட தகட்டில் பல்பு எரிவதைப் பார்க்க வேண்டுமாம். போர்மேன் அண்ணாச்சி யோசித்தார். "உள்ள போகக் கூடாது. வாசல்ல நின்னு பாருத்தா. உங்க மாமன் வேலைய நீ வந்தா செக் பண்ணுத?" என்று சிரித்துக்கொண்டே விட்டார்.

தகட்டு ஒயரெல்லாம் போய்ச் சேருகிற எர்த் குழி ரூம்களுக்குப் பின்னால் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா? உப்பும் கரியும் போட்டு நட்ட இரும்புக் குழாய். ஒரு ஒயரை நான் அந்தக் குழாயில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகா பெட்டியோடு ஒவ்வொரு வாசலாகப் போய் மறு ஒயரைத் தகட்டில் வைக்க வேண்டியது.

"ஒண்ணாம் ரூம் எரியுதுப்பா."

"ரெண்டாம் ரூமும் எரியுது."

மூணாம் ரூம். செல்வியும் அவள் கூட்டாளிப் பெண்களும் உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூம். சத்தமே இல்லை. "என்னத்தா?" என்றேன். "எரியலப்பா." பல்பு போயிருக்கும் என்றேன். ஒயரை அழுத்திப் பிடி என்றேன். பேட்டரி சீனா சரக்கு என்றேன். உங்க வேலையில் பழுது இருக்கும் என்பது மட்டும் என் புத்தியில் தட்டவில்லை. அவள் திரும்ப ரெண்டாம் ரூமுக்கு ஓடினாள், எரிந்தது. மூணாம் ரூமுக்கு வந்தாள், இல்லை. பொரிப் பொட்டலத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "என்னண்ணே, எங்க ரூமுக்கு மட்டும் கரண்டு கட்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

எழுந்துபோய்ப் பார்த்தேன். தகட்டின் பின்னாலிருந்து பச்சை ஒயர் சுவரோரம் இறங்கி மண்ணுக்குள் போகிறது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. குனிந்து லேசாக இழுத்தேன். மல்லிச்செடி வேரோடு வருகிற மாதிரி வந்துவிட்டது மச்சான். மண்ணுக்குள் போயிருந்தது ஒரு சாண். அதன் நுனியில் கறுப்பு டேப்.

"எலி கடிச்சிருக்கும்" என்றாள் செல்வி. சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து அதை வாங்கினாள். டேப்பைத் தடவினாள். கடைசிச் சுற்றை ஒட்டாமல் மடித்து, பிறகு பிரிக்க வாகாக ஒரு சின்னக் காது விடுவீகளே, அந்தக் காது அப்படியே இருந்தது. நம்ம வீட்டு மிக்ஸி ஒயரில், கிரைண்டர் ஒயரில், தெருவில் பாதி வீட்டில் அந்தக் காது உண்டு.

"எங்கண்ணன் கைதான்" என்று மெதுவாகச் சொன்னாள். ஒயரை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

ஒயர் அறுந்திருந்தால் ஒரு மனுசன் தாங்கிக்கொள்ளலாம். எலி கடித்திருந்தால் எலியைத் திட்டலாம். எங்கேயும் போய்ச் சேராத ஒயருக்கு டேப் சுற்றி, மண்ணைத் தள்ளி மூடி, மேலே தகட்டைப் பளபளவென்று மாட்டியது யார் மச்சான்?

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மூணாம் ரூம் புதிதாகக் கட்டிய சமயம். மறுநாள் அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று கம்பெனியே பறந்தது. ஒயரைக் குழிவரைக்கும் புதைக்க நீங்க கடப்பாரை போட்ட இடமெல்லாம் பாறை. ணங், ணங் என்று சத்தம் மட்டும். நான்தான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். "என்ன மச்சான், பூமா தேவி கதவத் தெறக்க மாட்டேங்கிறாளா?" என்றேன். "போலே, நாளைக்கு முடிஞ்சிரும்" என்றீக. மறுநாள் தகடு வாசலில் மின்னியது. வந்தவர்கள் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். நான் உங்க முதுகில் தட்டி, "ஒரே ராத்திரியில பாறையத் தோண்டிட்டீகளே" என்றேன். நீங்க சிரித்தீக. அந்தச் சிரிப்பைத்தான் இப்போது திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். அதில் என்ன இருந்தது?

போர்மேன் அண்ணாச்சியிடம் ஒயரை நீட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "ஏலே, இத வெளிய சொல்லி அந்த மனுசன் பேரக் கெடுக்காத. செத்துப்போன ஆளு" என்றார். "பேரு கெட்டா கழுவிக்கலாம் அண்ணாச்சி. உள்ள உக்காந்திருக்கிறது பொம்பளைக" என்றேன். எனக்கே ஆச்சரியம், நான் அப்படிப் பேசியது. அவர் அந்த ரூமைப் பூட்டச் சொன்னார். அதற்கு அவரைக் கும்பிட வேண்டும்.

விடுமுறை முடிந்ததும் புது எலக்ட்ரீசியன் வந்தார். பாறையைத் தோண்டவில்லை. சுவரோரமாக ஒரு செம்புப் பட்டையை இழுத்துக்கொண்டுபோய், ரெண்டாம் ரூமுக்கு இருக்கிற அதே குழியில் சேர்த்தார். நான் மகாவின் மத்தாப்புப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். பல்பு எரிந்தது. அரை நாள் வேலை மச்சான். அம்புட்டுத்தான். பாறை என்றால் சுற்றிக்கொண்டு போயிருக்கலாமே. ஓனரிடம் சொல்லப் பயமா? சீசன் நெருக்கடியா? நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தள்ளி, தள்ளி, கடைசியில் உங்க நெஞ்சுவலிக்கு முன்னால் அந்த 'நாளைக்கு' வரவே இல்லையா?

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்க போன பிறகு உங்க தங்கச்சி அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தினமும் உள்ளே போனாள். வாராவாரம் புளி போட்டு விளக்கியவளும் அவள்தான். ஏனென்று கேட்டதற்கு, "எங்கண்ணன் கையத் தொட்டுட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் ஒற்றிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஒரு வருசமாக அந்த வாசலில் உங்களுக்குப் பூஜை நடந்திருக்கிறது. அவர்கள் உடம்பிலிருந்த மின்னூட்டம் அவர்களோடேயே மருந்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பங்குனி வெயிலில், ஈரமில்லாத காற்றில். ஒன்றும் ஆகவில்லை என்பது உங்க சாமர்த்தியம் இல்லை மச்சான்.

என்னிடம் அக்கம்பக்கத்தில் ஆயிரம் பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். தரகர் சொன்னார், சீட்டுக்காரர் சொன்னார், முடி வளரும் என்று எண்ணெய் விற்றவன் சொன்னான். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விசயம். நான் யோசிக்காமல் கையை வைத்த ஒரே இடம் நீங்கதான்.

செல்வி இதுவரை கேட்டுவிட்டு, "மறந்திருப்பாக. எங்கண்ணனுக்கு ஏகப்பட்ட சோலி" என்றாள். சரி என்றேன். தெருவில் யார் வீட்டில் எத்தனை ஆம்பியர் பியூஸ் என்று மனப்பாடமாகச் சொன்ன ஆள் நீங்க. ஆனாலும் சரி என்றேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பெட்டியோடு எல்லா வாசலுக்கும் போவேன். பல்பு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திங்கட்கிழமை செல்வியை வேனில் ஏற்றுவேன். இந்த மலரை வாசிக்கிற வேறு கம்பெனிக்காரர்களே, நீங்களும் உங்க வாசல் ஒயரை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். போட்டது யாராக இருந்தாலும் சரி. அடுத்த பூஜைக்கு மச்சான் படத்துக்கு நான் சந்தனம் வைப்பேனா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

இதற்குக் கீழே இருப்பதைச் செல்விக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அச்சில் வரும்போது அவளே வாசித்துக்கொள்ளட்டும். வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நேற்று மகா கேட்டாள்: "மாமாவும் அந்தத் தகட்டத் தொட்டுட்டுத்தான் உள்ள போவாகளாப்பா?" போய்ப் படி என்று விரட்டிவிட்டேன். தரையில் விரித்த ரப்பர் பாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூணாம் ரூமுக்கு வரும்போதெல்லாம் நீங்க முதலில் வாசலுக்கு எதிரே இருக்கிற கைப்பம்பு பக்கம் போவீக. அந்த இரும்புக் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பீக. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தகட்டைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போவீக. மச்சான் சுத்தக்காரர், கை கழுவாமல் ரூமுக்குள் போக மாட்டார் என்று எல்லாரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். பாறையைத் துளைத்துக்கொண்டு தண்ணி மட்டம் வரைக்கும் இறங்கின குழாய் அது. உங்க கையை மட்டும் பூமியில் கொடுத்துவிட்டு, தங்கச்சி கையை அந்த வெறும் தகட்டில் வைக்க விட்டுட்டீகளே மச்சான்.

உங்க தங்கச்சி வீட்டுக்காரன்,
மகாவின் அப்பன்,
சுந்தரபாண்டி
ஆமத்தூர்