வீட்டுக்கு வந்து பாருங்கக்கா

அக்கா,

நேற்று சாயங்காலம் தெப்பக்குளத்துப் பக்கம் பருத்திப்பால் வண்டியைத் தாண்டும்போது சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. கால் அங்கேயே நின்றுவிட்டது. நம் டிவி தொடர் குழுவில் மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் கதையை உளறுகிறவர் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும் என்று சட்டம் போட்டது நீங்கள்தானே.

அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகும் வழியெல்லாம் நமக்கு அந்த விண்வெளிக்கப்பல் தொடர்தான் பேச்சு. வருஷக்கணக்காக ஓடிய தொடர். நம் பேச்சும் அதற்குக் குறையாமல் ஓடியது. கேப்டன் பிழைப்பானா மாட்டானா என்று நாம் அடித்துக்கொண்டதைக் கேட்டு, பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, "எந்த ஆஸ்பத்திரில சேத்துருக்கீக?" என்று கவலையாக விசாரித்தாரே. சிரிப்பை அடக்க முடியாமல் நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள்.

உங்கள் கணிப்பு ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கப்பல் கெளம்பவே இல்லடி. தரையிலயேதான் நிக்குது. உள்ள இருக்குறவுகளுக்குத்தான் அது தெரியல." நான் விடுவேனா? காலம் வட்டமாகச் சுற்றுகிறது என்பது என் கட்சி. வாட்ஸப் குழுவில் பக்கம் பக்கமாக எழுதினேன். உங்கள் கணிப்புக்கு 'கிளம்பாத டவுன்பஸ்' என்று பேர் வைத்ததும் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தீர்கள்.

கடைசி அத்தியாயம் வந்த வாரம் நீங்கள் ஆஸ்பத்திரியில். போனைத் தூக்கிப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களைப் பார்க்க வந்திருந்தேன். பார்வை நேரம் முடியப்போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெளம்புச்சா இல்லையா? அது மட்டும் சொல்லிருடி," என்றீர்கள்.

கிளம்பவில்லை அக்கா. நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நானோ, "சட்டம் போட்டதே நீங்கதான். வீட்டுக்கு வந்து பாருங்கக்கா," என்றேன். "சரிடி," என்று கையை விட்டீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் சொல்லவில்லை என்று குழுவில் நினைத்தார்கள். அதெல்லாம் இல்லை. நான் தோற்றுப்போனேன் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த நிலையில் கிடந்த உங்களிடம், ஒரு டிவி தொடருக்காக. இதை எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

காரியம் முடிந்த அன்று உங்கள் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். "வீட்டுக்கு வந்து பாருங்கன்னு சொன்னியாமேம்மா. வந்தவுக எல்லாம் கண்ணக் கசக்கிட்டுப் போனாக. நீ ஒருத்திதான் அப்படிச் சொன்ன. வீட்டுக்குப் போயிருவோம்னு கடைசி வரைக்கும் அம்புட்டு நம்பிக்கையா இருந்தா. நீ நல்லாருக்கணும்," என்று கும்பிட்டார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அதையும் அவர் உங்கள் மேலுள்ள பாசமென்று எடுத்துக்கொண்டார்.

இப்போதும் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். சொன்னால் என் பாரம் இறங்கும். அவருக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஓர் ஆறுதலும் போய்விடும். அதனால் எனக்குச் சேராத அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டே இருக்கிறேன் அக்கா.