நீ வரைந்த என் படத்துக்கு ஒரு ஃபிரேம்

பெரம்பலூரில் அந்த ஃபிரேம் கடைக்குள் கால் வைத்ததுமே அறுத்த மரமும் பசையும் கலந்த வாசனை. உன் நினைவுதான் வந்தது. பத்து வருஷமாக நீ என்னைப் போகச் சொன்ன கடை. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குக் கால் வந்திருக்கிறது, பார்த்தாயா!

குன்னம் பள்ளிக்கூடத்தில் நீ டிராயிங் டீச்சர், நான் கணக்கு டீச்சர். சாப்பாட்டு நேரத்தில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து வரைந்தாய். பின்னால் மக்காச்சோளக் கொல்லை. முன்னால் நான், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. "ஆயில் பெயின்டுக்குக் கண்ணாடி போட்றாதடி. மெலிசா ஒரு மர ஃபிரேம், அவ்ளோதான்" என்றாய்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மாமியார் மறித்துவிட்டார். "உசுரோட இருக்கறவ படத்த ஒத்தையா செவுத்துல மாட்டுனா வூட்டுக்கு ஆகாது."

"அம்மாதான் சொல்றாங்கல்ல, வுட்டுடேன்" என்றார் என் வீட்டுக்காரர். படம் பீரோவுக்குப் பின்னால் போனது.

உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கம். பஸ்ஸில் நீ "மாட்டுனியாடி?" என்று கேட்கும்போதெல்லாம், "நல்ல ஃபிரேமா பாத்துட்டிருக்கேன்" என்பேன். நீயா விடுவாய்! "தங்கக் கலர் வேணாம், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். கருப்பும் வேணாம், உன் சேலைய அமுக்கிடும்." நானும் பெரிய யோசனைக்காரி போலத் தலையாட்டுவேன். ஒரு கடைக்கும் போனதில்லை. எனக்கு ஃபிரேம் கிடைக்கும், சுவர்தான் கிடைக்காது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கடைக்காரர் ஃபிரேம் மூலைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படத்தின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். வெளிர் தேக்கு நிறத்தில் மெலிசான ஒன்றை வைத்ததும் படம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "இதுதாங்க" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"எப்பங்க தவறுனாங்க? மேல மாலை போட ஆணி அடிச்சுத் தந்துடறேன்."

அடக் கடவுளே! அது நான்தான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. "ரொம்ப நாளாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆணி மட்டும் வேண்டாம் என்றேன். மறுநாள் போய் வாங்கி வந்தபோது மாமியார் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பையை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே நழுவினேன். ஐம்பத்திரண்டு வயசில், திருட்டுப் பூனை போல. எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

மர பீரோவின் கதவுக்கு உள்பக்கம் மாட்டியிருக்கிறேன். கதவின் அளவுக்குச் சரியாக இருக்கிறது. காலையில் சேலை எடுக்கத் திறந்தால் படத்தில் அவள் சிரிக்கிறாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டுகிறேன்.

அந்தச் சாவி வேறு யாரிடமும் இல்லையடி. என் இடுப்பில்தான் இருக்கிறது.