தள்ளுவண்டிப் பந்தயம்

தங்கக் கட்சிக்காரன் ஆர்விலுக்கு,

நேற்று உன்னைத் தள்ளிய கை வலிக்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜனாதிபதித் தேர்தலில் என் வெள்ளிக் கட்சி தோற்றது. தோற்றவன் ஜெயித்தவனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கடைவீதி முழுக்கத் தள்ள வேண்டும் என்ற பந்தயமும் நேற்றோடு முடிந்தது. வெள்ளிக் காசு தாராளமாக அடித்தால் கன்சாஸ் விவசாயி பிழைப்பான் என்று நானும், தங்கம்தான் காசு என்று நீயும் கத்தியதில் கோடை முழுவதும் நமக்குள் பேச்சே இல்லை. இனி கத்த எனக்குத் தெம்பில்லை.

வண்டியில் ஏறியதும், "தள்ளுடா வெள்ளிக்காரா!" என்றாய். கொல்லன் டோபியாஸ், "மெதுவா போப்பா, தங்கம் சிந்திடப் போவுது!" என்று கூவினான். வீதியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

போன வருடம் சேற்றில் விழுந்த உன்னைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. நேற்று தபால் ஆபீஸ் மேட்டில்கூட எனக்கு மூச்சு வாங்கவில்லை. உன் கோட்டுக்குள் இன்னொரு ஆள் உட்காரலாம்.

"டாக்டர் என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவரும் தங்கக் கட்சிதான்டா. வேற என்ன சொல்லுவாரு?" என்று சிரித்தாய்.

என் மனைவி பன்றிக்கறியும் சோள ரொட்டியும் கொடுத்தனுப்புகிறாள். மிச்சம் வைக்காதே.

நாலு வருடம் கழித்து வரும் அடுத்த தேர்தலுக்கும் பந்தயம் கட்டுவோம். நான் தங்கத்தின் பக்கம் வந்துவிடுகிறேன், நீ வெள்ளியை எடுத்துக்கொள். நிச்சயம் நீ தோற்பாய். நான் நல்ல கனம். என்னைத் தள்ள நீ வந்தே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
தோற்றவன்